குளம்புச் சட்டைக்காரன் பெண் கேட்டுப் போன சவாரி

எங்கள் கூட்டத்தில் குதிரையில் ஏறாத ஆம்பளை ஒருவன்தான் இருந்தான். அவன் என் தம்பி பதாக். அவனுக்கு ஏற ஆசைதான், குதிரைகள் விடவில்லை. இதில் அவன் மேல் ஒரு குற்றமும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளுங்கள்.

அவன் தொழில் குளம்புச் சட்டை தைப்பது. இரும்பு வேண்டுமென்றால் நாங்கள் கடலோரத்து ஊர்க்காரர்களிடம் தோலும் தேனும் கொடுத்து வாங்க வேண்டும். அப்படி வருகிற இரும்பு வாளுக்கும் ஈட்டி முனைக்குமே பற்றாது, மார்புக்கு எங்கே போவது? அதனால் செத்த குதிரைகளின் குளம்பை ஒன்றுவிடாமல் சேர்த்து வைப்போம். பதாக் அவற்றை வேகவைத்து, பிளந்து, சீவி, மீன் செதில் மாதிரி வில்லைகளாக ஆக்குவான். ஒன்றன்மேல் ஒன்று படியும்படி மாட்டு நரம்பால் தோல் சட்டையில் தைப்பான். ஒரு சட்டைக்கு எண்ணூறு வில்லைக்குக் குறையாது. அம்பு பட்டால் வழுக்கும். வாள் பட்டால் ஒரு வில்லை போகும், ஆள் வீடு திரும்புவான். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் இன்று உயிரோடு இருப்பது என் தம்பியின் ஊசியால்தான். அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தங்கள் வீரத்தால் என்பார்கள்.

எல்லாம் சரி, நாற்றம் ஒன்றைத்தான் சொல்லி முடியாது. வண்டிதான் எங்களுக்கு வீடு, குளம்பு வேகிற சட்டியின் பக்கமிருந்து காற்று திரும்பினால் பத்து வண்டி தள்ளித் தூங்குகிற குழந்தைகூட எழுந்து அழும். எங்கள் அப்பாவுக்கும் இதே தொழில்தான். ஆனால் அவர் பாதி நாள் வேலை செய்வார், பாதி நாள் புளித்த குதிரைப் பாலைக் குடித்துவிட்டுப் புல்லில் கிடப்பார். அந்தக் காற்றிலும் வெயிலிலும் நாற்றம் ஆறிப்போகும், குதிரைகள் அவரைச் சகித்துக்கொண்டன. நான் கல்யாணமாகி வேறு வண்டிக்குப் போனதும் இரண்டே கோடையில் எனக்கும் போய்விட்டது. பதாக் குடிக்கவும் இல்லை, சட்டியை விட்டு நகரவும் இல்லை. நாற்றம் அவன் தோலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நீங்களே ஒரு குதிரையாக இருந்து யோசித்துப் பாருங்கள். நூறு குதிரை செத்த வாடையோடு ஒருவன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து "வாம்மா, வா கண்ணு" என்று கையை நீட்டினால் நீங்கள் நிற்பீர்களா? அவைகளும் நிற்கவில்லை.

அப்படியானால் சட்டை போட்ட வீரர்களைக் குதிரைகள் எப்படித் தாங்கின என்று கேட்பீர்கள். தைத்து முடித்த சட்டையை மூன்று நாள் மாசிபத்திரித் தழையின் வாசப் புகையில் தொங்கவிடுவோம். வாடை அடங்கிவிடும். சட்டையைத் தொங்கவிடலாம், தைத்தவனை எங்கே தொங்கவிடுவது? அவன் பாட்டுக்கு மாட்டு வண்டியில் ஊர் மாறினான். குதிரையில் போகிறவர்கள் குனிந்து, "என்ன பதாக்கு, சவாரி சுகமா இருக்கா?" என்று கேட்பார்கள். "மாடு ஒண்ணும் கேள்வி கேக்கறதில்ல, அதனால சுகம்தான்" என்பான். வாய் மட்டும் எங்கள் அம்மாவுடையது.

முப்பது வயது வரை அவன் இப்படியே இருந்தான், அதற்கு மேலும் இருந்திருப்பான். ஊர்சினா வந்து கெடுத்தாள்.

ஊர்சினாவுக்கு அப்பா அம்மா இல்லை. தாய்மாமன் கார்சேயின் பொறுப்பில் இருந்தாள். ஆனால் வண்டி அவளுடையது, இரண்டு மாடும் அவளுடையது, குதிரையும் அவளுடையது. எங்களில் ஒரு பெண் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால் அதற்கு முன் போரில் ஓர் எதிரியைச் சாய்த்திருக்க வேண்டும். அவள் இரண்டு பேரைச் சாய்த்தவள். ஒருவனை அம்பால், இன்னொருவனைச் சுருக்குக் கயிறு வீசி. அந்தக் கயிற்றை அவள் வீசி நான் பார்த்திருக்கிறேன். ஓடுகிற முயலின் காதில் ஒன்றை மட்டும் பிடிப்பாள்.

அந்த இரண்டாவது சண்டையில் அவள் சட்டையில் மூன்று அம்பு பட்டது. மூன்றும் வழுக்கிவிட்டன. வில்லை மாற்ற என் தம்பியிடம் கொண்டுவந்தாள். நான் அப்போது அங்கே நரம்பு திரித்துக்கொண்டிருந்தேன், அதனால் நடந்தது எனக்குத் தெரியும். பதாக் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்தான். விரலால் தடவிக்கொண்டே போனான்.

"அம்பு விட்டுட்டு இடது பக்கம் சாயறே நீ" என்றான். "சாயும்போது கை தூக்குது. அக்குள்ல வில்லை பிரியுது. இன்னொரு அம்பு வந்திருந்தா செத்திருப்பே."

"என்னைச் சண்டையில பாத்தியா?" என்றாள் அவள்.

"நான் வண்டியில இருந்தேன். சட்டை சொல்லுது."

அவளைப் பார்த்து அழகு என்றவர்கள் உண்டு, வீரம் என்றவர்கள் உண்டு. அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று கவனித்தவன் இவன் ஒருவன்தான். அதற்குப் பிறகு அந்தச் சட்டை மாதம் இரண்டு தடவை கிழிந்தது. சண்டையே இல்லாத மாதத்திலும் கிழிந்தது.

ஒரு நாள் பதாக் உடைந்த வில்லையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். "அக்கா, இது வாள் பட்ட மாதிரி இல்ல. அம்பும் இல்ல. யாரோ கல்லை வெச்சு நசுக்கின மாதிரி இருக்கு. எந்த எதிரி இப்படி அடிக்கறான்னு தெரியல."

"அந்த எதிரி யாருன்னு ஊருக்கே தெரியும்டா. உன் முன்னாடியேதான் வந்து உக்காந்திருக்கா" என்றேன்.

அவன் ஊசியால் விரலைக் குத்திக்கொண்டான். பிறகு நாலு நாள் சட்டி ஆறியே கிடந்தது. ஐந்தாம் நாள் போய், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளைக் கேட்டிருக்கிறான். அவள், "ஒரு வருஷமா சட்டையைக் கல்லால அடிச்சு என் கை வலிக்குது, குளம்புக்காரரே. இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாளாம்.

இனி கார்சே மாமாவைப் பற்றி. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வழக்கம் என்று ஒன்று இருந்தால் அதைக் கடைசி நூல் வரை பிடித்துக்கொண்டு நிற்கிறவர். வழக்கம் அவருக்குச் சாதகமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிப்பார். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் நாற்பது பால் குதிரை வைத்திருக்கிற ஒரு கிழவன் ஊர்சினாவைக் கேட்டிருந்தான். அவனுக்கு மேல்வாயில் ஒரே ஒரு பல். மாமாவுக்கு அந்தப் பல் கண்ணில் படவில்லை, நாற்பது குதிரைதான் பட்டது.

நான் என் தம்பிக்காகப் பெண் கேட்கப் போனேன். மாமா பாலாடைக்கட்டியைக் கடித்துக்கொண்டே கேட்டார்.

"உன் தம்பி நல்லவன். நான் போட்டிருக்கற சட்டை அவன் தைச்சதுதான். குறை சொல்ல மாட்டேன். ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? மாப்பிள்ளை குதிரை மேல வரணும். பொண்ணு வண்டியை மூணு சுத்து சுத்தணும். எங்க தாத்தா சுத்தினாரு, எங்கப்பா சுத்தினாரு, நான் காய்ச்சலோட சுத்தினேன். அவன் எதுல வருவான், எருது மேலயா?"

"குதிரை மேலதான் வருவான்" என்றேன்.

"எந்தக் குதிரை?"

"அது எங்க பாடு."

"சரி. புல்லு விதை உதிர்ற அன்னிக்கி கூட்டம் பிரியுது. நீங்க ஆத்துக்கு மேல போறீங்க, நான் கீழ போறேன். அன்னிக்கி அவ மாட்டைப் பூட்டறதுக்குள்ள அவன் சுத்திட்டா ஊர்சினா வண்டி உங்களோட வரும். இல்லன்னா என் வண்டிக்குப் பின்னாடி வரும். நான் ஒண்ணும் அநியாயமாச் சொல்லலையே?"

அநியாயம் இல்லைதான். அதுதான் எரிச்சலாக இருந்தது. விதை உதிரப் பன்னிரண்டு நாள் இருந்தது.

முதலில் பதாக்கை மாசிபத்திரிப் புகையில் உட்கார வைத்தோம். சட்டைக்கு மூன்று நாள் என்றால் ஆளுக்கு ஒரு நாள் போதும் என்று கம்பளிக் கூடாரத்துக்குள் தள்ளி வாயிலைத் தைத்துவிட்டேன். "அக்கா, கண்ணு போச்சு" என்று உள்ளேயிருந்து கத்தினான். "கல்யாணத்துக்குக் கண்ணு தேவையில்ல" என்றேன். வெளியே வந்தபோது சுட்ட மீன் மாதிரி இருந்தான். என் பெட்டைக் குதிரையிடம் கூட்டிப்போனேன். மோந்து பார்த்தது, தும்மியது, நின்றது. எனக்கு உயிர் வந்தது. அவன் அதன் முதுகில் வயிற்றைப் போட்டு ஏறினான். பயத்தில் அவனுக்கு வேர்த்தது. வேர்த்ததும் உள்ளேயிருந்து பழைய வாடை வெளியே வந்தது. பிறகு அவனை முள் புதரிலிருந்து எடுக்க எனக்கும் என் புருஷனுக்கும் மதியம் வரை ஆயிற்று.

அப்புறம் கண் தெரியாத ஒரு கிழட்டுக் குதிரையைத் தேடிப் பிடித்தோம். கண் போன குதிரைக்கு மூக்கு இரண்டு மடங்கு வேலை செய்யும் என்பது எங்களில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

ஒன்பது நாள் போய்விட்டது. பதாக் சட்டியைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தான். ஊர்சினா வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"நான் கீழ போக மாட்டேன்னு மாமாகிட்ட சண்டை போடறேன்" என்றாள்.

"வழக்கத்தை மீறி வந்தா உன்னைப் பெத்தவங்க புதைமேட்டுல உனக்கு இடம் கிடையாது. வேண்டாம்" என்றான் அவன். அவன் குரல் அப்படி உடைந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஊர்சினா எழுந்து போய்விட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊர்சினா அது தன் யோசனை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும். யோசனை என்னுடையது.

எங்கள் தலைவர் நபாசிடம் சாம்பலன் என்று ஒரு போர்க்குதிரை இருந்தது. கூட்டத்திலேயே அந்த ஒரு குதிரைக்குத்தான் குளம்புப் போர்வை உண்டு. கழுத்திலிருந்து வால் வரை வில்லை வில்லையாகத் தொங்கும். எட்டு வருஷம் அதைப் போட்டுச் சண்டைக்குப் போன குதிரை. எத்தனை புகை காட்டினாலும் மழையில் நனைந்தால் போர்வை நாறும். அந்த நாற்றத்துக்குள்ளேயே வாழ்ந்த குதிரைக்கு என் தம்பி புதிதா என்ன?

தலைவருக்குக் கால் வீங்கி இரண்டு வருஷமாகச் சண்டைக்குப் போகவில்லை. பெரிய தொந்தி. நாங்கள் சொன்னதைக் கேட்டுத் தொந்தி குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

"எடுத்துட்டுப் போங்க. சும்மா நின்னு கொழுத்துக் கெடக்கு. ஆனா மூணு விஷயம். போர்வை போட்டாத்தான் அவன் தன்னைக் குதிரைன்னு நினைப்பான். மேல இருக்கறவன் சட்டை, தலைக்கவசம் எல்லாம் போட்டிருக்கணும், இல்லன்னா பூச்சி உக்காந்த மாதிரி உதறிடுவான். ஈட்டி வலது கண்ணு ஓரத்துல தெரியணும், இல்லன்னா நகர மாட்டான்."

"தெரிஞ்சா?" என்று பதாக் கேட்டான்.

"தெரிஞ்சா போவான்."

"எப்படிப் போவான்?"

"நேரா" என்றார் தலைவர்.

அந்த ஒரு சொல்லை அன்று நாங்கள் யாரும் நின்று யோசிக்கவில்லை. எங்கள் ஈட்டி இரண்டு ஆள் நீளம், அதைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். கடிவாளம் குதிரையின் கழுத்தில் சும்மா கிடக்கும். சவாரி தெரிந்தவன் முழங்காலால் அழுத்தித் திருப்புவான். அதை ஒருவன் நடை பழகும்போதே கற்றுக்கொள்கிறான், யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. என் தம்பி கற்றுக்கொண்டதில்லை என்பது எங்கள் ஒருவர் மண்டைக்கும் எட்டவில்லை. எட்ட வேண்டியது எனக்குத்தான். எட்டவில்லை.

விதை உதிர்கிற நாள் வந்தது. விடிந்து புல் காய்ந்ததும் எல்லா வண்டியும் வரிசை கட்டி நின்றன. ஊர்சினாவின் வண்டியைத் தனியாக நடுவில் நிறுத்தி மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அவள் தன் குளம்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேலே நின்றாள். கார்சே மாமா அந்த வண்டியின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். கையில் மூன்று குச்சி. ஒரு சுற்றுக்கு ஒரு குச்சியைத் தரையில் குத்த வேண்டும். அவருடைய மாடுகள் அப்போதே பூட்டித் தயாராக நின்றன.

தலைவரின் சட்டைக்குள் என் தம்பியைப் போட்டால் சாக்குக்குள் குச்சி போட்ட மாதிரி இருந்தது. இடுக்கில் கம்பளியை அடைத்தேன். நாலு பேர் தூக்கினோம். அதற்கு முன் சாம்பலன் தலையைத் திருப்பி அவனை மோந்தது. நீளமாக ஒரு மூச்சு இழுத்தது, காதைத் தளர்த்தியது, வாயை மென்றது. பிறந்ததிலிருந்து ஒரு குதிரையும் அவனிடம் அப்படி நின்றதில்லை. பதாக் அழுதுவிட்டான். தலைக்கவசத்தைப் போட்ட பிறகும் அழுதான். அதற்குள் இருந்துகொண்டு மூக்கைத் துடைக்க வழியில்லை.

மேலே உட்கார்ந்ததும் கவசம் நழுவி மூக்கு வரை இறங்கியது.

"அக்கா, இருட்டா இருக்கு."

"வண்டி உனக்கு இடது பக்கம்டா. பெரிசா இருக்கும். அதைச் சுத்து."

"எந்தப் பக்கம் இடது?"

"ஊசி பிடிக்காத கை பக்கம்."

அதற்குள் யாரோ ஈட்டியைத் தூக்கி அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். அதன் நுனி குதிரையின் வலது கண்ணோரம் இறங்கியது. சாம்பலன் கிளம்பியது.

கிளம்பியது என்றா சொன்னேன்? மலை ஒன்று எங்களைக் கடந்து போயிற்று. இரண்டு வருஷம் சும்மா நின்ற குதிரை. ஊர்சினாவின் வண்டியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கார்சே மாமாவின் வண்டிப் பக்கம் போயிற்று. அங்கே துணி காயப்போட்ட கயிறு இருந்தது. ஈட்டி அதில் நுழைந்து வெளியே வந்தபோது நுனியில் மாமாவின் மாற்றுக் கால்சட்டை இருந்தது. காற்றில் இரண்டு காலும் உப்பி, எங்கள் போர்க்கொடியில் பாம்பு வாய் பிளந்து நெளிவதுபோல் நெளிந்தது. அப்படியே பதாக் ஆட்டு மந்தைக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே போனான். மேட்டின்மேல் மேய்த்துக்கொண்டிருந்த பையன்கள் கொடியைப் பார்த்துவிட்டுப் போர் வந்துவிட்டது என்று வில்லும் அம்பும் எடுத்தார்கள். அது கால்சட்டை என்று பிறகுதான் புரிந்தது அவர்களுக்கு.

"ஒரு சுத்துகூட ஆகல" என்றார் மாமா. "அது என் கால்சட்டை. ரெண்டும் நான் கணக்குல வெச்சுக்கறேன்."

பதாக் சின்னப் புள்ளியாகிப் போய்க்கொண்டிருந்தான். அப்படியே போனால் கடலோரத்து ஊர்வரை போவான், நிறுத்துவது எதிரியின் வேலை என்றுதான் அந்தக் குதிரைக்குப் பழக்கியிருந்தார்கள். சிரித்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். அவன் விழுந்தால் அந்தச் சட்டையின் பாரத்தோடு எழுந்திருக்க முடியாது, குதிரையின் பின்னங்கால் குளம்பு வேறு மேலே படும்.

மாமா தன் ஆளிடம் கையைக் காட்டினார். "ஊர்சினா மாட்டைப் பூட்டு. என் வண்டிக்குப் பின்னாடி கட்டு."

ஊர்சினா வண்டிமேலிருந்தே, "என் மாட்டுல கை வெச்சா விரல் இருக்காது" என்றாள். பிறகு தலைவரைப் பார்த்தாள். "ஐயா, எதிரி வரிசையைத் தாண்டின பிறகு நீங்க எல்லாரும் எப்படித் திரும்பி வருவீங்க?"

"கொம்பு ஊதுவாங்க. ரெண்டு தடவை" என்றார் தலைவர். சொல்லிவிட்டு அவர் முகம் மாறியது. "அடடா" என்றார். "யாரு அங்க, என் கொம்பைக் கொண்டா."

ஊதினார். இரண்டாவது ஊதல் முடிவதற்குள் அந்தச் சின்னப் புள்ளி நின்றது. திரும்பியது. பெரிதாகத் தொடங்கியது. போன கோட்டிலேயே வந்தது, ஆடுகள் இந்தத் தடவை தாங்களாகவே வழிவிட்டன.

ஊர்சினா தன் சுருக்குக் கயிற்றின் ஒரு முனையை வண்டியின் நடுக் கம்பத்தில் கட்டினாள். எங்களிலேயே நீளமான கயிறு அது. கையில் வளையம் வளையமாக எடுத்துக்கொண்டாள். நான், "அவன் கழுத்துல போட்டுடாதேடி" என்றேன். அவள் இடது பக்கம் சாய்ந்தாள், கையைத் தூக்கினாள், வீசினாள்.

சுருக்கு சாம்பலனின் கழுத்தில் விழுந்தது. குளம்புப் போர்வை இருந்ததால் கழுத்தை இறுக்கவில்லை, கழுத்தின் அடியில் நன்றாக உட்கார்ந்துகொண்டது. குதிரை வண்டியைத் தாண்டி நேராகத்தான் போகப் பார்த்தது. கயிறு முழுவதும் போய் விண்ணென்று இழுத்தது. வண்டி முனகியது. நேராகப் போகிற குதிரையின் கழுத்தில் கயிறு கட்டி மறுமுனையை அசையாத ஒன்றில் கட்டினால் அது எங்கே போகும்? வட்டமாகத்தான் போகும். சாம்பலனுக்கு அது தெரியாது. தான் நேராகப் போவதாகத்தான் அது கடைசி வரை நினைத்திருக்கும்.

கார்சே மாமா அப்போதும் சக்கரத்தில் சாய்ந்துகொண்டுதான் நின்றார். நகர்ந்திருக்கலாம். குச்சியைக் குத்துகிற இடம் அதுதான் என்று நின்றுவிட்டார். முதல் சுற்றில் கயிறு அவர் வயிற்றின் குறுக்கே வந்து படிந்தது.

"ஏய்" என்றார்.

இரண்டாவது சுற்று நெஞ்சில் படிந்தது. மூன்றாவது இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டது. குச்சிகள் கீழே விழுந்தன. அதற்காக எண்ணிக்கை தவறவில்லை. கூட்டம் முழுவதும் சேர்ந்து எண்ணியது. நாலு, ஐந்து. ஒவ்வொரு சுற்றுக்கும் கயிறு குறைந்தது, குதிரை நெருங்கியது, வேகம் தணிந்தது. ஈட்டி எங்கோ விழுந்துவிட்டது. ஈட்டி கண்ணில் படாததால் சாம்பலனுக்கும் சண்டை முடிந்துவிட்டது என்று தோன்றியிருக்க வேண்டும். ஏழாவது சுற்றில் அதன் மூக்கு வண்டியை மூடிய கம்பளியில் முட்ட, நின்றது. எட்டு என்கிறவர்கள் அன்று ஆடு பிடிக்கப் போயிருந்தவர்கள். ஏழுதான்.

பதாக் மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூட்டை இறக்குவதுபோல் புல்லில் இறங்கினான். மல்லாந்து கிடந்தான். கையும் காலும் அசைந்தன, நடு உடம்பு அசையவில்லை.

"யாராவது சொல்லுங்க" என்றான் கவசத்துக்குள்ளிருந்து. "நான் எங்க இருக்கேன்?"

"என் வண்டிகிட்ட" என்றாள் ஊர்சினா.

"எத்தனை சுத்து ஆச்சு?"

"ஏழு."

"மூணு போதுமே."

"நீதான் நிறுத்தவே இல்லையே, குளம்புக்காரரே."

மாமா சக்கரத்தோடு சேர்ந்து நின்றுகொண்டே பேசினார். தலை மட்டும் வெளியே இருந்தது. "இது செல்லாது. அவன் எங்க ஓட்டினான்? குதிரை ஓடுச்சு. இவ கயிறு போட்டா."

ஊர்சினா வண்டியிலிருந்து இறங்கி அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

"மாமா, வழக்கத்துல மாப்பிள்ளை குதிரை மேல இருக்கணும்னு இருக்கு. இருந்தாரா?"

"இருந்தான்."

"வண்டியைச் சுத்தணும்னு இருக்கு. சுத்தினாரா?"

மாமா குனிந்து தன் வயிற்றைப் பார்க்க முயன்றார். ஏழு வரிசைக் கயிறு. அவர் இல்லையென்று சொல்ல வழியில்லை, அந்த எண்ணிக்கையை அவர்தான் சுமந்துகொண்டிருந்தார்.

"சுத்தினான்" என்றார்.

"குதிரையை அவரேதான் ஓட்டணும்னு எங்கயாவது இருக்கா? உங்க தாத்தா சொல்லியிருக்காரா? இருந்தா சொல்லுங்க, நான் இப்பவே கயிறை அவுத்துட்டு உங்க பின்னாடி வரேன்."

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. இல்லாத வழக்கத்தை இருப்பதாகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாற்பது குதிரை ஒரு பக்கம், தாத்தா ஒரு பக்கம். எல்லாரும் காத்திருந்தோம்.

"அப்படி இல்ல" என்றார் கடைசியில். "இருந்திருக்கணும். ஆனா இல்ல."

"அப்ப வார்த்தையைச் சொல்லுங்க."

"கயிறை அவுத்தா சொல்றேன்."

"சொன்னா அவுக்கறேன்."

"கொடுத்தேன்" என்றார். வழக்கப்படி மூன்று தடவை சொல்ல வேண்டும், அதையும் அவரேதான் ஞாபகப்படுத்திக்கொண்டு சொன்னார். "கொடுத்தேன், கொடுத்தேன். என் கால்சட்டை எங்க?"

பதாக்கைத் தூக்க நான் ஓடினேன். ஊர்சினா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவன் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்தாள். உள்ளே அவன் முகம் வேர்வையும் கண்ணீரும் மூக்குச் சளியுமாக இருந்தது. அவள் தன் உள்சட்டையின் கையால் துடைத்தாள். அவன் வானத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"நீ கயிறு போடும்போது இடது பக்கம் சாஞ்சியா?" என்று கேட்டான்.

"சாஞ்சேன்."

"கை தூக்கியிருக்கும். அக்குள்ல போயிருக்கும். கொண்டா பாக்கறேன்."

"முதல்ல எழுந்திரு" என்றாள்.

அதுதான் முடியவில்லை. கம்பளி அடைத்து நான் கட்டிய முடிச்சுகளை அவிழ்க்க எனக்கே நேரமாயிற்று. கல்யாணப் பாலை அவன் படுத்தபடியேதான் குடித்தான். பாதி காதுக்குள் போயிற்று. யாரும் அதை வழக்கத்துக்கு விரோதம் என்று சொல்லவில்லை. மாமாகூடச் சொல்லவில்லை, அவர் அப்போது ஆட்டுக் கிடையில் கால்சட்டை தேடிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் என் தம்பி எந்தக் குதிரையிலும் ஏறவில்லை. ஏற வேண்டிய வேலை முடிந்துவிட்டது என்பான். இன்னும் இருபத்தாறு குளிர்காலம் இருந்தான். எத்தனை சட்டை தைத்தான் என்று எனக்கு எண்ணத் தெரியாது, அவனுடைய இரண்டு பெண்களும் ஊர்சினாவும் அவன் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் போருக்குப் போனார்கள், மூவரும் திரும்பி வந்தார்கள். இருமலில் போனான். வழக்கப்படி புதைமேட்டில் அவனோடு ஒரு குதிரையையும் புதைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, அவனை அங்கேயாவது நிம்மதியாக விடுங்கள் என்று நான்தான் தடுத்தேன். ஊசியும் சட்டியும் வைத்தோம்.

ஆனால் எனக்கு அவன் என்றால் அந்த மதியம்தான். கூட்டம் பிரிந்தது. மாடுகளைப் பூட்டினார்கள். கார்சே மாமாவின் வண்டிகள் ஒவ்வொன்றாக ஆற்றின் கீழ்ப்பக்கம் திரும்பின. ஊர்சினா தன் மாடுகளை நிமிர்த்தி மேல்பக்கம் திருப்பினாள். சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கியது. வண்டியின் பின்பக்கம் என் தம்பி காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் தலைவரின் சட்டை. அதில் பதினோரு வில்லை உடைந்திருந்தது. ஊசியில் நரம்பைக் கோத்துக்கொண்டே, "மெதுவாப் போ, புள்ள. ஆடுது" என்றான்.

"ஆடட்டும்" என்று முன்னாலிருந்து அவள் சொன்னது எனக்குக் கேட்டது.